இருட்கானில் எஞ்சி நிற்கும் மரம்



தமிழில் 'கான்' என்றொரு பழஞ்சொல் உண்டு. காடு என்பது அதன் பொருள். கானகம், கானாறு, கானக்கோழி என்னும் சொற்களிலே அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அன்றாடப் பேச்சில் அதனை நாம் வழங்குவதில்லை. புலவர்களின் ஏட்டோடு அச்சொல் நின்றுவிட்டது. ஆனால் கன்னட நாட்டின் மலைநாட்டுப் பகுதியில், ஷிமோகா, உத்தர கன்னட ஜில்லாக்களின் சிற்றூர்களில், பாக்குத் தோட்டத்து உழவர் இச்சொல்லை இன்றும் நாள்தோறும் வாயாற் சொல்கிறார். அவருக்குக் 'கான்' என்பது ஏதோ ஒரு காடு அன்று. கோடரி படாமல் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட, பகலிலும் இருள் சூழ்ந்த, என்றும் இலையுதிராப் பெருங்காட்டுக்கே அப் பெயர். அங்கே ஒரு தெய்வம் இருக்கும். ஓர் ஓடை இருக்கும். கோடையிலும் அந்த ஓடை வற்றாது.

அத்தகைய கான்களுள் ஒன்றின் பெயர் கத்தலெகான். 'கத்தலெ' என்றால் கன்னடத்தில் இருள். ஆகவே இருட்கான் என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். உத்தர கன்னட ஜில்லா, சித்தாப்பூர் தாலூகாவில், உலகப் புகழ் பெற்ற ஜோக் அருவிக்கு அணித்தாக, ஷராவதி ஆற்றுக்கு நீர் கொடுக்கும் மலைச்சரிவுகளில் இக் காடு அமைந்திருக்கிறது. இங்குள்ள சேற்று நிலத்தில் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். அதன் விஞ்ஞானப் பெயர் செமிகார்ப்பஸ் கத்தலெகானென்சிஸ். பெயரிலேயே ஊர் இருக்கிறது. அந்த ஊரை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் ஏறக்குறைய இல்லை.

முதலில் இந்த மரம் நிற்கும் நிலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஆனி பிறக்கும்போது தொடங்கும் மழை நான்கு மாதங்கள் ஓயாது. ஆனால் அதன் பின்னர், மார்கழி முதல் வைகாசி வரையில், வானம் ஏறத்தாழ வறண்டே இருக்கும். பெய்த மழையெல்லாம் கடலை நோக்கி விரைந்தோடிவிடுவதே இயல்பு. கான் இருக்கும் இடத்தில் மட்டும் கதை வேறு. அடர்ந்த மரங்களின் இலைச்சருகு மண்ணின் மேல் மெத்தையாகப் படிந்து மழையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வாங்கிய நீரைச் சிறிது சிறிதாக, ஆண்டு முழுவதும், பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஓடைக்குக் கசியவிடுகிறது. ஓடையின் இரு கரையிலும் நிலம் சரிவு குறைந்து படுத்திருக்கும் இடங்களில் அந் நீர் தேங்கி, கால் வைத்தால் புதையும் கரிய சேறாகிவிடுகிறது. இதுவே நன்னீர்ச் சதுப்பு.

சதுப்பு நிலம் என்றால் நம்மிற் பலருக்குப் பிச்சாவரத்து அலையாத்திக் காடு நினைவுக்கு வரும். அது உப்பங்கழியில் வளர்வது, கடலோடு உறவுடையது. இது மலைமேல் உள்ளது. உப்புச் சுவையே அறியாதது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுவான இடர் உண்டு. நீர் நிறைந்த சேற்றில் காற்று இல்லை. வேருக்கும் மூச்சு வேண்டும் அல்லவா? காற்றில்லாத மண்ணில் நம் மாமரத்தையோ வேப்பமரத்தையோ நட்டால் சில நாட்களில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். ஆகவே சேற்றில் வாழத் துணிந்த மரங்கள் அதற்கென ஓர் ஏற்பாடு செய்துகொண்டாக வேண்டும்.

கத்தலெகானில் அந்த ஏற்பாட்டைக் கண்ணாரக் காணலாம். அங்கே மிகுதியாக நிற்பவை சாதிக்காய்க் குடும்பத்து மரங்கள். நாம் மளிகைக் கடையில் வாங்கும் சாதிக்காய் கீழ்த்திசையிலுள்ள பண்டாத் தீவுகளிலிருந்து வந்த மரத்தின் வித்து. அதன் காட்டு உறவினர் சிலர் நம் மேற்கு மலைகளில் பன்னெடுங் காலமாகவே வாழ்ந்து வருகின்றனர். அவற்றுள் மிரிஸ்டிகா மாக்னிஃபிகா, ஜிம்னக்ராந்தெரா கனாரிகா என்னும் இரண்டும் சதுப்பையே தமக்குரிய இடமாகக் கொண்டவை. முன்னது, ஆலமரம் விழுது ஊன்றுவதுபோல, அடிமரத்திலிருந்து ஊன்றுகோல் வேர்களைச் சுற்றிலும் இறக்கி நிற்கிறது. பின்னது, சேற்றுக்குள்ளே ஓடும் வேரை இடையிடையே மேலே எழுப்பி, வளைத்து, மீண்டும் சேற்றுக்குள் இறக்குகிறது. முழந்தாளை மடித்து வைத்தாற் போன்ற அந்த வளைவுகளில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக வேர் காற்றை உட்கொள்கிறது. சதுப்பின் தரை முழுவதும் இந்த வேர் முழந்தாள்கள் நிறைந்திருக்கும் காட்சி, நிலத்தின் அடியிலிருந்து ஏதோ ஒன்று எழ முயல்வது போலத் தோன்றும். இம் மரங்களின் பட்டையைக் கீறினால் இரத்தம் போன்ற செந்நீர் வடியும். மரத்தை வெட்ட அஞ்சுவதற்கு முன்னோர்க்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருந்தால் வியப்பில்லை.

இம் மரங்களின் பெயராலேயே இக் காடுகளுக்கு 'மிரிஸ்டிகா சதுப்பு' என்று பெயர் ஏற்பட்டது. இந்திய வன விஞ்ஞானத்தில் இவ் வகைக் காடு மிகவும் பிந்தியே இடம்பெற்றது. 1960-ஆம் ஆண்டிலேதான், பழைய திருவிதாங்கூர்ப் பகுதியிலுள்ள சதுப்புக்களைப் பற்றிக் கிருஷ்ணமூர்த்தி என்பார் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1968-இல் சாம்பியன், சேத் ஆகிய இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி எழுதிய நூலில் இவற்றுக்குத் தனி இடம் அளித்தனர். செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூர் செல்லும் நம்மவர் பலரும் அறிந்த தென்மலை, குளத்துப்புழை, அஞ்சல் வட்டாரங்களில்தான் கேரளத்தின் சதுப்புக்கள் பெரும்பாலும் உள்ளன. அங்கே எஞ்சியிருப்பவை சுமார் 60 சிறு துண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் சுமார் 150 ஹெக்டேர்தான். ஒரு பெரிய கிராமத்தின் நன்செய்ப் பரப்பைக்கூட அது எட்டாது.

இனி நாம் சொல்ல வந்த மரத்துக்கு வருவோம்.

சேராங்கொட்டையை அறியாத தமிழர் குறைவு. சலவைத் தொழிலாளர் துணியில் அழியாக் குறி இடுவதற்கு அதன் பாலைப் பயன்படுத்தினர். சித்த மருத்துவர் அதனைச் சுத்தி செய்து மருந்தாக்கினர். சுத்தி செய்யாமல் தொட்டவர் தோல் வெந்து கொப்புளம் கண்டனர். அந்தச் சேராங்கொட்டை மரம் செமிகார்ப்பஸ் இனத்தைச் சேர்ந்தது. 'குறியிடும் காய்' என்பதே அப் பெயருக்குப் பொருள். மாவும் முந்திரியும் இதே குடும்பம். முந்திரியில் பழம் போன்ற சதைப் பகுதியின் நுனியில் கொட்டை தொங்குவதைப் போல, சேராங்கொட்டையிலும் சதைப்பற்றான காம்பின் மேல் கொட்டை அமர்ந்திருக்கும். கத்தலெகானின் சேற்று மரம் இந்தச் சேராங்கொட்டைக்கு உடன்பிறப்பு. சேராங்கொட்டை வெயில் காயும் வறண்ட காடுகளிலும் வளரும். உடன்பிறப்போ நிழலையும் சேற்றையும் விட்டு நகராது. ஒரே வீட்டில் பிறந்த இருவருள் ஒருவர் ஊரெல்லாம் சுற்றிவர, மற்றவர் வாசற்படி தாண்டாதிருப்பதைப் போன்றது இது.

இம் மரத்தை விஞ்ஞான உலகுக்கு முதன்முதலாக அறிமுகப்படுத்தி, பெயரும் இட்டவர்கள் தாசப்பா, சுவாமிநாத் என்னும் இருவர். ஆண்டு 2000. இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாத பாசியன்று, புல்லன்று. பெரிய இலைகளையுடைய நெடுமரம். நெடுஞ்சாலையிலிருந்து வெகு தொலைவிலும் இல்லை. ஹொன்னாவரத்திலிருந்து மலையேறி ஜோக் அருவியைக் காணச் செல்வோர் இந்தக் காட்டின் அருகாகவே பல்லாண்டுகளாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். தாவர நூலார் இருநூறு ஆண்டுகளாக இம் மலைகளை ஆராய்ந்து பட்டியலிட்டிருக்கின்றனர். இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு வரையில் இதற்கு ஒரு பெயர் இல்லை. காரணம் வேறொன்றுமில்லை; சேற்றில் இறங்கிப் பார்த்தவர் குறைவு.

பெயர் இட்ட கையோடு ஆய்வாளர் மரங்களை எண்ணவும் தொடங்கினர். அப்போது கிடைத்த விடை கவலை தருவதாக இருந்தது. முழு வளர்ச்சி பெற்ற மரங்கள் 200-க்கும் குறைவு. அவையும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சில சிறு சதுப்புக்களில் சிதறி நின்றன. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவோரைவிடக் குறைவான எண்ணிக்கையில், உலகம் முழுமைக்குமாக, ஓர் இனம் மீந்திருக்கிறது. ஆகவேதான் இதனை மிக மிக அபாய நிலையிலுள்ள இனம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இந்த மரம் தனியே தவிக்கவில்லை. அதன் அண்டை வீட்டாரும் அதே நிலையில்தான் உள்ளனர். மிரிஸ்டிகா மாக்னிஃபிகாவை அபாய நிலையிலுள்ளதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் காட்டுகிறது. நாவல் மரத்தின் உறவான சிசிஜியம் திருவாங்கூரிக்கம், அதன் பெயருக்கேற்பத் திருவிதாங்கூர்ப் பகுதிக்கே உரியது என்று கருதப்பட்டது. செம்பட்டியலில் கடைசிப் படியான மிக அபாய நிலையில் இருப்பது. 2008-ஆம் ஆண்டில் சந்திரனும் அவருடைய சக ஆய்வாளரும் அம் மரத்தையும், இலுப்பையின் உறவான மதுகா போர்டிலோனியையும் கத்தலெகானில் கண்டதாக அறிவித்தனர். தெற்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மட்டுமே இருப்பதாக எண்ணிய மரங்கள் இங்கேயும் நின்றன. இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. ஒரு காலத்தில் மேற்கு மலையின் பள்ளத்தாக்குக்கள்தோறும் இச் சதுப்புக்கள் தொடர்ச்சியாக ஓடியிருக்க வேண்டும். இன்று நாம் காண்பவை, அறுந்த மாலையிலிருந்து உதிர்ந்து அங்கங்கே கிடக்கும் மணிகள்.

மாலை அறுந்தது எப்படி? இதற்கு விடை தேடினால் நாம் சரித்திரத்துக்குள் புக வேண்டியிருக்கிறது.

கான்கள் வெறுங் காடுகளாக இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கெருசொப்பையை ஆண்ட சென்னபைராதேவி என்னும் அரசியைப் போர்த்துகீசியர் 'மிளகு ராணி' என்றழைத்தனர். அந்த மிளகின் தாயகம் இத்தகைய ஈரக் காடுகளே. மிளகுக் கொடி நிழலையும் ஈரத்தையும் வேண்டுவது. ஆகவே ஊரார் கானை வெட்டவில்லை. அதற்குள்ளே மிளகைப் பேணினர். 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றிவந்த ஃபிரான்சிஸ் புக்கானன், தம் பயண நூலில் இக் காட்டு மிளகைப் பற்றி எழுதியிருக்கிறார். தெய்வத்தின் பேரால் ஒரு காவல், மிளகின் பேரால் ஒரு பயன். இவ்விரண்டும் சேர்ந்தே கானைக் காத்தன.

பின்னர் ஆட்சி மாறியது. உத்தர கன்னடம் 1862 வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் அதன் பெரும்பகுதி பம்பாய் மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. காடுகள் சர்க்கார் உடைமையாயின. ஊராரின் பொறுப்பும் உரிமையும் குறைந்தன. தன்னுடையது அல்லாத ஒன்றை யார்தான் முன்போலக் காப்பர்? இன்னொரு புறம், பள்ளத்தாக்கின் அடிநிலமே உழவுக்கும் தோட்டத்துக்கும் மிக ஏற்றது. நீர் வற்றாது, மண் கரியது, வெயிலும் மழையும் அளவாக இருக்கும். நெல்லுக்கும் பாக்குக்கும் இதைவிடச் சிறந்த இடம் எது? சதுப்பு மரம் எந்த இடத்தை விரும்புகிறதோ அதே இடத்தை மனிதனும் விரும்பினான். இவ் வழக்கில் மரத்துக்கு வாதாட ஒருவரும் இல்லை.

இங்கே நாம் உழவரைக் குற்றஞ் சாட்டப் புகவில்லை. பசித்தவன் சேற்றை வயலாக்கியது பாவமன்று. இன்று நாம் வெற்றிலையோடு போடும் பாக்கும் அத்தகைய ஒரு பள்ளத்தாக்கில் விளைந்ததாகவே இருக்கலாம். கன்னடத்தார் அதனை 'அடிகெ' என்பர். நம் முன்னோர் 'அடைக்காய்' என்றனர். ஆனால் வயலாக்குவதற்குரியதெல்லாம் வயலாகிவிட்ட பின்னும், எஞ்சிய ஒரு பிடிச் சதுப்பின் மேலும் கை நீளுமானால், அது பசியினால் அன்று.

இன்று இச் சதுப்புக்களுக்கு நேரும் இடர்கள் பல. ஓடையின் தலைப்பில் நீரைக் குழாய் வைத்துத் தோட்டத்துக்குத் திருப்பினால் கீழே சேறு உலர்கிறது. உலர்ந்த இடத்தில் வேறு மரங்கள் புகுகின்றன. சதுப்பு மரத்தின் கன்று எழுவதில்லை. மேட்டிலுள்ள காட்டைத் தழை உரத்துக்காக ஓயாமல் கழித்தால் மண் வெயிலில் காய்ந்து மழையை உள்வாங்கும் திறனை இழக்கிறது. வெள்ளமாக இறங்கும் மழை மண்ணை வாரிக்கொண்டு வந்து சதுப்பைத் தூர்க்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது ஓடையின் போக்கு மாறுகிறது. இவற்றுள் ஒன்றுகூட மரத்தின் மேல் கோடரி வைப்பதன்று. மரத்தைத் தொடாமலே மரத்தைக் கொல்ல முடியும் என்பதே சதுப்பு நிலம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மரத்தின் இயல்பும் அதற்குத் துணை செய்வதாயில்லை. நெல்லையும் பயற்றையும் குதிரில் இட்டு அடுத்த ஆண்டு விதைக்கிறோம். சதுப்பு மரங்கள் பலவற்றின் வித்துக்கள் அப்படியல்ல. அவை பெரியவை, ஈரம் நிறைந்தவை. உலர்ந்தால் உயிர் போய்விடும். விழுந்த சில நாட்களுக்குள் ஈர மண்ணில் முளைத்தாக வேண்டும். ஆகவே வித்தைச் சேமித்து வைத்து, 'காடு போனால் போகட்டும், பின்னர் நட்டுக்கொள்வோம்' என்று சொல்வதற்கு இடமில்லை. சாதிக்காய்க் குடும்பத்தின் கனிகளை இருவாய்ப் பறவைகள் உண்டு வித்தைத் தொலைவில் விடுகின்றன. அப் பறவைகள் குறைந்தால் வித்து தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து, நண்டுக்கும் பூச்சிக்கும் இரையாகிறது. ஒரு சதுப்பிலிருந்து இன்னொரு சதுப்புக்கு இடையே வறண்ட மேடு நிற்கிறது. அதனைத் தானே தாண்டிச் செல்ல அம் மரத்தால் இயலாது. சில மரங்களே உள்ள ஒரு துண்டில், உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கலப்பு நேர்ந்தால் சந்ததி வலுவிழக்கும் என்பதையும் நாம் அறிவோம்.

இவ்வளவும் கேட்டு மனம் சோர்ந்துவிட வேண்டியதில்லை. நற்செய்திகளும் உண்டு.

சிர்சியிலுள்ள வனவியல் கல்லூரியின் ஆசிரியர்களும், பெங்களூர் விஞ்ஞானிகளும் இம் மரத்தின் பூப்பு, காய்ப்பு, முளைப்பு ஆகியவற்றை ஆராய்ந்தனர். வித்தைச் சேகரித்து, நாற்றங்காலில் கன்றாக்கி, வன இலாகாவின் துணையோடு மீண்டும் சதுப்புக்களில் நடும் முயற்சியை மேற்கொண்டனர். 2011-ஆம் ஆண்டில் கர்நாடக அரசு, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை அகநாசினி சிங்கவால் குரங்குப் பாதுகாப்பிடம் என்று அறிவித்தது. கத்தலெகான் அதனுள் அடங்கியது. 2019-இல் அப் பகுதி மேலும் விரிவாக்கப்பட்டு ஷராவதிப் பள்ளத்தாக்குச் சிங்கவால் குரங்குச் சரணாலயமாயிற்று. குரங்கைக் காக்க அறிவித்த இடத்தில் மரமும் நிழல் பெற்றது. வால் நுனியில் சிங்கத்தைப் போல் மயிர்க்கற்றையுடைய அக் குரங்குக்கு இக் கானின் கனிகளே உணவு. ஆகவே இருவர் விதியும் ஒன்றுதான்.

ஊர்மக்களின் பங்கையும் மறத்தலாகாது. கோவாவில் சத்தரி தாலூகாவில் பாம்பர் என்னும் சிற்றூரில் ஒரு மிரிஸ்டிகா சதுப்பு தெரிய வந்தது. அது 'நிரங்காரச்சி ராய்' என்னும் தெய்வக் காடு. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் ஜில்லாவிலும் அண்மை ஆண்டுகளில் ஒரு சிறு சதுப்பு கண்டறியப்பட்டு, பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. அதையும் அவ்வூரார் தெய்வத்தின் சோலையாகவே போற்றி வந்தனர். விஞ்ஞானி வந்து சேர்வதற்கு முன்பே அங்கே ஒரு காவலன் இருந்தான். அவனுக்கு மரத்தின் இலத்தீன் பெயர் தெரியாது, அவ்வளவே. நம் ஊர்ப்புறத்தில் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் சுள்ளி பொறுக்கவும் அஞ்சுவார்களே, அந்த அச்சத்தின் பயன் இது.

இங்கே ஒருவர் வினவலாம்: 'உண்ணவும் உதவாத, தொட்டால் தோலைப் பொத்துவிக்கும் குடும்பத்து மரம் ஒன்று இருந்தால் என்ன, போனால் என்ன?' நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு விடைகள் கூறலாம்.

முதலாவது, அந்த மரம் ஓர் அடையாளம். அது உயிரோடு நிற்கும் இடத்தில் கோடையிலும் ஓடை ஓடுகிறது என்று பொருள். ஓடை நின்றால்தான் மரம் சாகிறது. சதுப்பின் ஓடைகள் சேர்ந்தே ஷராவதியாகின்றன. அந்த ஷராவதியின் வீழ்ச்சியிலிருந்து 1948-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகிறது. 1964-இல் லிங்கனமக்கி அணையும் எழுந்தது. பெங்களூரில் நம்மவர் வீட்டில் எரியும் விளக்குக்கும், பத்ராவதியில் சுழலும் எந்திரத்துக்கும், இருட்கானின் சேற்றுக்கும் இவ்வாறு ஓர் இழை உண்டு. இருளான ஒரு காடு தொலைவில் ஒளிக்குக் காரணமாகிறது.

இரண்டாவது விடை பயனைப் பற்றியதன்று. மலர்ச் செடிகளின் வரலாற்றில் சாதிக்காய்க் குடும்பம் மிகப் பழமையான கிளைகளுள் ஒன்று. இச் சதுப்புக்கள் எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் இப் பூமி இன்னும் ஈரமாயிருந்த காலத்தின் எச்சம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அரசுகள் பல தோன்றி மறைந்தன, மொழிகள் பிரிந்தன, 'கான்' என்னும் சொல்லே ஒரு மொழியில் உயிரோடும் மற்றொன்றில் ஏட்டோடும் நின்றது. இத்தனையையும் கடந்து வந்த ஒன்றை, நம் வாழ்நாளிலே, நம் அசட்டையினாலே முடித்துவிடுவது தகுமா? இச் சதுப்புக்களில் இன்னும் என்னென்ன உள்ளன என்பதையே நாம் முழுதும் அறியவில்லை. 2013-ஆம் ஆண்டில்கூடக் கேரளத்துச் சதுப்பு ஒன்றிலிருந்து முன்பின் அறியாத மரத்தவளை ஒன்று விவரிக்கப்பட்டது. தவளையின் பெயரிலேயே 'மிரிஸ்டிகா சதுப்பு' இடம்பெற்றது. படிக்காத நூலை எரிப்பவனை நாம் அறிவுடையவன் என்று சொல்வதில்லை.

நாம் பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழ்பவர்கள். பிழைக்க வந்த இடம் என்று சொல்லிக்கொள்வது நம்மிடையே வழக்கம். அந்தச் சொல்லில் ஒரு விலகல் இருக்கிறது. ஆனால் நாம் குடிக்கும் நீர் இந்த நாட்டு ஆற்று நீர். நம் குழந்தைகள் விளையாடும் மண் இந்த மண். எந்த ஊர் நமக்குச் சோறும் நீரும் அளிக்கிறதோ, அந்த ஊரின் காட்டையும் ஓடையையும் அறிந்துகொள்வது நன்றியின் முதற்படி. கன்னட நாட்டில் வாழ்பவருக்குக் கத்தலெகான். கேரளத்தில் வாழ்பவருக்குக் குளத்துப்புழை. கோவாவில் இருப்பவருக்குச் சத்தரி. ஒவ்வொருவருக்கும் அணித்தாக ஏதோ ஒரு கான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை எளியவையே. ஜோக் அருவியைக் காண உறவினரை அழைத்துச் செல்லும்போது, வழியிலுள்ள காட்டில் குப்பையை வீசாதிருக்கலாம். சதுப்பின் உள்ளே இறங்கி வேர்களை மிதிக்காமல், கரையில் நின்றே பார்க்கலாம். கன்றையோ காயையோ நினைவுப் பொருளாகப் பறித்து வருதல் கூடாது. இருநூறு மரங்களே உள்ள இனத்தில் ஒரு கன்றும் பெரிய கணக்கு. கடையில் மலிவான சாதிபத்திரி என்று விற்பதில் காட்டு ராமபத்ரெ கலந்திருப்பதுண்டு. அதனைப் பறிப்பதற்காகக் காய் முதிருமுன்பே கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே கேட்டறிந்து வாங்கலாம். சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்போர், ஓடையின் இரு மருங்கிலும் சில அடி அகலம் காட்டு மரங்களை அப்படியே விட்டு வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மரத்தின் கதையைச் சொல்லலாம். ஊர்க்காரர் தம் கானைக் காக்கக் கூடும்போது, 'நாம் வெளியூரார்' என்று ஒதுங்கி நில்லாமல், அவர்களோடு ஒருவராய் நிற்கலாம்.

கத்தலெகானில் நட்ட கன்றுகள் மரமாகிக் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். நட்டவர்களிற் சிலர் அதைக் காணாமலே போகலாம். பனைமரம் நடுபவனும் அப்படித்தான். தன் பேரனுக்காகவே நடுகிறான். அந்தக் கன்றுகள் நிலைக்க வேண்டுமானால் தேவைப்படுவது ஒன்றே: கோடையில் ஓடை ஓட வேண்டும். அதற்கு மேட்டுக் காடு நிற்க வேண்டும். காடு நிற்பதும் வீழ்வதும் மரத்தின் கையில் இல்லை.